புது மாடல் வாங்கினால் பறவை கிட்டே வந்துவிடுமா?

கிருமாம்பாக்கத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் பாகூர் ஏரி. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. மார்கழி, தை மாதக் காலையில் கரையில் நின்றால் தண்ணீருக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரியும். நாமக்கோழியா? ஊசிவால் வாத்தா? பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தால் பறவையை விடக் கைதான் அதிகம் ஆடுகிறது! பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி, கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கித்தான் காட்டும்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் இமேஜ் ஸ்டெபிலைசர் வைத்த பைனாகுலர். சுருக்கமாக ஐ.எஸ். பொத்தானை அழுத்தினால் படம் அப்படியே நிற்கும். பொறி உள்ளானின் முதுகுப் புள்ளிகளை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடியும். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு எங்கே என்றால், பழைய மாடலா புதிய மாடலா என்பதில். பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் நாலு பேர் காசு சேர்த்து ஒன்று வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உடனே ஒரு குரல் வரும்: "வாங்கறது வாங்கறீங்க, லேட்டஸ்டா வாங்குங்கப்பா." செல்போனுக்குச் சொல்லும் யோசனையை அப்படியே இதற்கும் சொல்வது அபத்தம். ஏன் என்று பார்ப்போம்.

கேனான் நிறுவனத்தின் 10×30 ஐ.எஸ். 1990களில் வந்தது. உள்ளே இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு திரவம். சென்சார் நடுக்கத்தை உணர்ந்ததும் தகடு லேசாகச் சாய்ந்து ஒளியின் பாதையைத் திருப்பிவிடும். 2015ல் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பெரிய மாற்றம் என்ன தெரியுமா? மின்சுற்று! பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே பத்து மடங்கு, அதே 30 மி.மீ. லென்ஸ். பழையதில் தெரியாத பறவை புதியதில் தெரிந்துவிடாது.

2017ல் 32 மி.மீ. வரிசை வந்தது. இதில் திரவத் தகடு கிடையாது, லென்ஸே நகர்ந்து ஆட்டத்தைத் தணிக்கிறது. கூடுதல் பலத்துக்குத் தனிப் பொத்தானும் உண்டு. ஆட்டம் தணிப்பதில் இது முன்னேற்றம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய 10×30க்கு இரண்டு ஏ.ஏ. பேட்டரி போதும், கிருமாம்பாக்கம் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். புதியதற்கு சி.ஆர். 123 என்ற லித்தியம் பேட்டரி. அதற்குப் புதுச்சேரி டவுனில் கேமரா கடையைத் தேட வேண்டும். "உதிரி ஒன்று வாங்கி வைத்தால் போச்சு" என்பார்கள். சொந்தக் கருவிக்குச் சரி. நாலு பேர் மாற்றி மாற்றி எடுத்துப் போகும் பொதுக் கருவிக்கு உதிரி பேட்டரியை யார் ஞாபகமாக வைத்திருப்பார்கள்?

அடுத்தது மழை. 2005ல் வந்த 10×42 தண்ணீர் புகாதது. அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த 32 மி.மீ. வரிசை அப்படியில்லை! வடகிழக்குப் பருவமழை காலத்தில்தான் ஏரி நிரம்புகிறது, வலசைப் பறவையும் வருகிறது. அப்போது எது வேண்டும்? 10×42 ஒரு கிலோவுக்கு மேல் கனம், விலையும் அதிகம். அது வேறு கணக்கு. ஆனால் "புதுசு எல்லாவற்றிலும் மேல்" என்பவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

கடைசியாக வெளிச்சம். லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 10×42க்கு 4.2 மி.மீ., 10×30க்கு 3. அதற்குப் பின் வந்த கையடக்க 10×20க்கு வெறும் 2. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் இதுதான். சட்டைப்பையில் வைக்கலாம், சரி. ஆனால் பறவை சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலை மங்கலில் படம் இருட்டடிக்கும்.

"அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா" என்று மறுபக்கம் நிற்பவர்களும் கொஞ்சம் பொறுக்கணும். 1990ல் வந்த ட்ஸைஸ் 20×60 பேட்டரியே இல்லாமல் ஆட்டத்தைத் தணித்தது, அற்புதம்தான். ஆனால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலான கனத்தை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிப்பது? பழைய கருவியில் மின்சுற்று கெட்டிருக்கலாம், கடற்கரை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முன்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தூரத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தி, இரண்டு கண்ணிலும் படம் நிற்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக்கான வாதம் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊசுட்டேரி 2008ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மற்ற ஏரிகளுக்காக நாளை யாராவது பேச வேண்டுமானால் கையில் கணக்கு வேண்டும். பச்சைக்காலியைப் பொறி உள்ளான் என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு?

ஆகவே மாடல் வருடத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் லென்ஸ் விட்டம், பிறகு பேட்டரி, பிறகு தண்ணீர், பிறகு கனம். மிச்சமாகும் காசில் நாலு பேரும் பத்து நாள் பஸ் ஏறி ஏரிக்குப் போகலாம். அதைவிட நல்ல அப்கிரேடு எந்தக் கடையிலும் கிடைக்காது.