டெசிமலை டபுளாக்காதீங்கய்யா!

பட்டனைத் தட்டினால் போதும், டேட்டாபேஸில் இருக்கும் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு கிளாஸ் தயார். கோடு ஜெனரேட்டர் என்றாலே எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஆனால் எந்த ஃபீல்டு எந்த டைப்பாக மாறியது என்று திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

தொகை ஃபீல்டுக்கு டெசிமல்(10,2) என்று போட்டிருப்பார்கள். மொத்தம் பத்து இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் இரண்டு. ரூபாய், பைசா, சுத்தமான கணக்கு. ஜெனரேட்டரின் டைப் பட்டியலில் யாரோ 'டெசிமல் என்றால் டபுள்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால்... முடிந்தது கதை! டபுள் எண்களை பைனரியில் வைக்கும். அதில் 0.1-ஐ முழுசாக எழுதவே முடியாது, நாம் மூன்றில் ஒன்றை 0.333 என்று இழுத்துக்கொண்டே போவது போல. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் வருவது 0.30000000000000004. 0.1-ஐப் பத்து தடவை கூட்டினால் 0.9999999999999999. ஒன்று எங்கே போச்சு?

"கடைசியில ரவுண்ட் பண்ணிக்கலாமே" என்பார்கள். பண்ணிப் பாருங்கள். 2.675-ஐ இரண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் பள்ளிக்கூடக் கணக்கில் 2.68. பைத்தானில் 2.67! காரணம், டபுளுக்குள் உட்கார்ந்திருப்பது 2.675-ஐவிட ஒரு துளி குறைவான எண். ஒரு பைசாதானே என்பவர்கள் ட்ரயல் பேலன்ஸ் போட்டதே இல்லை என்று அர்த்தம். ஒரு பைசா இடித்தாலும் அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

இதைவிட மோசம் நல் விவகாரம். தள்ளுபடி ஃபீல்டு காலியாக இருப்பது வேறு, சைபர் வேறு. முதலாவது 'இன்னும் முடிவாகவில்லை', இரண்டாவது 'தள்ளுபடி கிடையாது'. ஜாவாவின் ஜேடிபிசியில் கெட்இன்ட் இரண்டுக்கும் 0 என்றே சொல்லும். வாஸ்நல் என்று தனியாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். ஜெனரேட்டர் அதைக் கேட்காமல் விட்டால் காலி இடமெல்லாம் சைபராகிவிடும்.

மருந்து இல்லாமல் இல்லை. ஜாவாவில் பிக்டெசிமல், சி ஷார்ப்பிலும் பைத்தானிலும் டெசிமல். ஜேடிபிசியின் டைப் அட்டவணையே டெசிமலுக்கு பிக்டெசிமல் என்றுதான் சொல்கிறது. டபுள் கெட்டதும் அல்ல, வெப்பநிலையும் தூரமும் அளக்க அதுதான் சரி. ஆனால் காசு அளப்பது அல்ல, எண்ணுவது.

டெசிமல் போட்டால் வேகம் குறையுமாம்! தப்பான விடையை வேகமாகச் சொல்லி யாருக்கு லாபம்? எந்த டைப் என்று தெரியாவிட்டால் ஜெனரேட்டர் 'தெரியவில்லை' என்று நின்றுவிடட்டும். கணக்குப்பிள்ளை ஊகித்து எழுதினால் அதற்கு வேறு பெயர் உண்டு. மெஷின் எழுதினால் மட்டும் ஆட்டோமேஷனா?