சிஸ்டர் மேரியும் என் மாமியாரும்

போன இதழில் வற்றல் வடகம் பற்றி எழுதிவிட்டு, அடுத்த தடவை ஊறுகாய் என்று சொல்லியிருந்தேன். ஊறுகாய் எங்கும் ஓடிவிடாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே. இரண்டு மாதமாக என் மனசில் வேறு விஷயம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் மாமியாருக்கு வயசு 74. மனக்கணக்கில் புலி. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுப் பணம் எதற்கும் நோட்டுப் புத்தகம் கிடையாது. அப்படிப்பட்டவர் போன வருஷத்திலிருந்து, "பாலுக்கு உறை ஊத்திட்டியா?" என்று ஒரே ராத்திரியில் மூன்று தடவை கேட்க ஆரம்பித்தார். முதல் தடவை "ஆச்சு அத்தை" என்பேன். இரண்டாம் தடவை "இப்பதானே அத்தை சொன்னேன்" என்பேன். மூன்றாம் தடவை என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். இவரானால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வயசானா அப்படித்தான், விடு" என்பார்.

மாசி மாதம் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போனவர் திரும்பவில்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து போய்வருகிற கோயில். இருட்டின பிறகு பூக்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். "நம்ம தெரு முனையிலேயே நின்னுக்கிட்டு, இது எந்தத் தெருன்னு கேட்டாங்கம்மா" என்றாள். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. கால் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்கு உறை ஊத்தியாச்சா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அடிவயிற்றில் பயம் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். பிரஷர் 190-க்கு 100 இருந்தது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். "மாசாமாசம் நான்தான் டாக்டர் வாங்கிக் கொடுக்கிறேன்" என்றேன், பெருமையாக. வீட்டுக்கு வந்து அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தால், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின மாத்திரை அட்டைகள் ஏழு. ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோதான் குறைந்திருந்தது.

"என்ன அத்தை இது?"

"தலை சுத்தினா ஒண்ணு போட்டுக்குவேன். சும்மா இருக்கிறப்ப எதுக்கு? சூடும்மா அது. அப்புறம் ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு எடுத்து வச்சேன்."

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் ஆழத்தில் சின்னச் சின்னதாகப் பழைய ரத்த அடைப்புகள் இருக்கின்றன என்றார் டாக்டர். கை கால் விழுந்து போகிற மாதிரி பெரிய அடைப்பு இல்லை. வந்ததே தெரியாமல் வந்துபோனவை. அதோடு கூட ஞாபக மறதி நோயின் ஆரம்பமும் இருக்கலாம், போகப் போகத்தான் தெரியும் என்றார். கடையில் வாங்கினது நான். அது வாய்க்குள் போயிற்றா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் பார்த்திருந்தால்?

என் பெண் நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவள், நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகளை வைத்து நடத்தின ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். பத்துப் பாத்திரம் தேய்த்து முடிகிற வரைக்கும் சொன்னாள், அப்புறம் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டும் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

டேவிட் ஸ்நோடன் என்று ஒரு ஆராய்ச்சியாளர். 1986-ல் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மடத்துக்குப் போய் இந்த வேலையை ஆரம்பித்தார். பிறகு கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போய் அதையே பெரிதாக்கினார். மடத்துச் சகோதரிகளை ஏன் பிடித்தார் என்று கேட்டால், அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. வெளியில் நூறு பெண்களை எடுத்தால் ஒருத்தி வீட்டில் மூன்று வேளை நெய், இன்னொருத்தி வீட்டில் ஒரு வேளைக் கஞ்சி. ஒருத்தி நாலு பெற்றிருப்பாள், ஒருத்திக்கு வைத்தியம் பார்க்கவே காசிருக்காது. எதனால் எது வந்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? மடத்தில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, ஒரே வைத்தியம். பிள்ளை பெற்றதில்லை. புகை பிடிக்கிற பழக்கம் கிடையாது. அநேகமாக எல்லோரும் பள்ளிக்கூட டீச்சர்கள்.

75 வயசுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள் சம்மதித்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஞாபகப் பரீட்சை. பத்து வார்த்தைகளைக் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பது மாதிரி. அது பரவாயில்லை. செத்த பிறகு மூளையை எடுத்துக்கொள்ளலாம் என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. நமக்கானால் கண்தானம் என்றாலே வீட்டில் நாலு பேரைக் கேட்க வேண்டும்.

மூளையை எடுத்து எதைப் பார்த்தார்கள்? 1906-ல் ஜெர்மனியில் அல்ஸைமர் என்ற டாக்டர், மறதி முற்றி இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் இரண்டு விஷயம் பார்த்தார். நரம்பு செல்களுக்கு நடுவில், பால் பாத்திரத்தில் ஒட்டிக் காய்ந்த ஆடை மாதிரித் திட்டுத் திட்டாகப் படிவு. செல்லுக்குள்ளே நூல்கண்டு சிக்கின மாதிரிச் சிக்கல். முதலாவது அமிலாய்ட் என்ற புரதம், இரண்டாவது டௌ என்ற புரதம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அந்த வியாதிக்கு அவர் பெயரே வந்துவிட்டது. படிவும் சிக்கலும் நிறைய இருந்தால் மறதி, இல்லாவிட்டால் இல்லை என்று கணக்கு நேராக வரும் என்றுதானே நினைப்போம்? கன்னியாஸ்திரீகளிடம் அந்தக் கணக்கு உதைத்தது.

சிஸ்டர் மேரி என்று ஒருவர். இவரைப் பற்றிக் கேட்டபோதுதான் நான் தேய்த்துக்கொண்டிருந்த வாணலியைக் கீழே வைத்தேன். 1892-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். எட்டாம் வகுப்புப் படிப்போடு 19 வயசில் டீச்சர் வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் லீவு வகுப்பு, தபால் வகுப்பு என்று 22 வருஷம் படித்து, 41-ஆவது வயசில்தான் ஹைஸ்கூல் முடித்தார். (பத்தாவதோடு நின்றுபோன என் மாதிரிப் பெண்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.) 101 வயசு வரை இருந்தார். கடைசி வருஷம் வைத்த ஞாபகப் பரீட்சையில்கூட நல்ல மார்க். மூளையை எடுத்து நிறுத்தால் 870 கிராம்தான். பெண்களுக்குச் சாதாரணமாக 1,200 கிராம் பக்கம் இருக்குமாம். அதற்குள் படிவும் சிக்கலும் ஏராளம். வியாதி மூளையில் குடியிருந்திருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் கடைசிவரை தெளிவாக இருந்திருக்கிறார்!

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் கசந்தது. அந்தச் சகோதரிகள் மடத்தில் சேரும்போது, சுமார் 22 வயசில், தங்களைப் பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மடத்து அலமாரியில் பத்திரமாக இருந்தது. 93 பேருடைய கட்டுரைகளை எடுத்து, பத்து வார்த்தைக்குள் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று எண்ணினார்கள். செறிவாக எழுதினவர்களுக்கு அறுபது வருஷம் கழித்து மறதி குறைவு. மொட்டையாக எழுதினவர்களுக்கு அதிகம். 1996-ல் வெளியிட்டார்கள். அப்படியானால் 22 வயசில் கையில் பேனா பிடிக்காமல் ஆட்டுக்கல் குழவி பிடித்தவர்கள் கதி? என் மாமியார் மூன்றாம் வகுப்பு. அந்த வயசில் அவர் இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன். "எழுத்து காரணமா, இல்லை சின்ன வயசுச் சாப்பாடும் படிப்பும் காரணமா, இல்லை வியாதியே அப்பவே லேசா ஆரம்பிச்சிடுச்சான்னு அந்த ஆராய்ச்சியை வச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றாள். அரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் 55 வயசுக்கு மேற்பட்ட ஐயாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்து 1998-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அல்ஸைமர் வியாதி மிகவும் குறைவாக இருந்ததாம். கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் 2023-ல் இந்தியா முழுவதற்கும் போட்ட கணக்கில், 60 தாண்டினவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் மறதி நோய், அதிலும் பெண்களுக்குத்தான் கூடுதல் என்று வந்திருக்கிறது. ஆகவே, படிக்காதவளுக்கு வராது என்று நிம்மதியாக இருக்கவும் வழியில்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். 1997-ல் ஸ்நோடன் குழு 102 சகோதரிகளின் மூளைகளைப் பார்த்ததை வெளியிட்டது. 61 பேர் மூளையில் அல்ஸைமர் படிவும் சிக்கலும் முழு அளவுக்கு இருந்தன. அவர்களில் ரத்த அடைப்பு ஒன்றும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 57 பேருக்குத்தான் உயிரோடிருந்தபோது மறதி நோய் இருந்தது. அதே படிவோடு மூளையின் ஆழத்தில் ஒன்றிரண்டு சின்ன அடைப்பும் சேர்ந்தவர்களிலோ நூற்றுக்கு 93 பேர்! படிவு இல்லாத மூளையில் அந்தச் சின்ன அடைப்பு தனியாக வந்தபோது அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆளைச் சாய்த்துவிடுகிறது.

என் பெண் இந்த எண்களைப் படித்தபோது எனக்கு அந்த ஏழு அட்டைகள்தான் கண் முன்னால் வந்தன. படிவு வருவதை இன்றைக்கு நாம் வீட்டிலிருந்து தடுக்க முடியாது. அதைக் கரைக்க ஊசி மருந்து வந்திருக்கிறது. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், மறதி வளர்வதைக் கொஞ்சம் மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. விலை நம்மால் ஆகிற விலையும் கிடையாது. சின்ன அடைப்பு அப்படியில்லை. அதற்கு முக்கியமான காரணம் பல வருஷம் கட்டுக்கு அடங்காமல் இருக்கிற பிரஷர்.

பிரஷரைக் குறைத்தால் மறதி குறையுமா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2010-ல் தொடங்கி, 50 வயசுக்கு மேற்பட்ட 9,361 பேரில் பாதிப் பேருக்கு மேல் அளவை 140-க்குக் கீழும், மீதிப் பேருக்கு 120-க்குக் கீழும் வைத்துப் பார்த்தார்கள். 120 கோஷ்டியில் லேசான ஞாபகக் குறைவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முழு மறதி நோய் விஷயத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நடுவிலேயே சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இது 2019-ல் வந்த முடிவு. அப்புறம் 2025-ல் சீனாவிலிருந்து ஒன்று வந்தது. 326 கிராமங்கள், பிரஷர் உள்ள 33,995 பேர். பெரிய டாக்டர்கள் யாரும் வரவில்லை. பாதிக் கிராமங்களில், பயிற்சி கொடுத்த கிராம வைத்தியர்களே மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, வீட்டில் அளக்கக் கருவியும் கொடுத்து, நாலு வருஷம் விடாமல் கவனித்தார்கள். மற்ற கிராமங்களைவிட அங்கே மறதி நோய் நூற்றுக்கு 15 பங்கு குறைவு. எனக்கு இந்தச் சீனத்துக் கதைதான் அதிகம் பிடித்தது. யாரோ ஒருவர் விடாமல் வந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பாருங்கள்.

அதற்காக 120, 120 என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். வயசானவர்களுக்குப் பிரஷர் ரொம்பக் குறைந்தால் எழுந்திருக்கும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியும். எவ்வளவு வேண்டும் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. தலை சுற்றவில்லையே என்று நிறுத்திவிடுவதும் கூடாது. பிரஷர் ஏறியிருப்பது அநேகம் பேருக்கு வெளியில் தெரியவே தெரியாது. என் மாமியாருக்கு 190 இருந்த அன்றைக்கு ஒரு தலைவலிகூட இல்லை.

வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. தினசரிக் காலண்டர் தாளை என் மாமியார்தான் கிழிப்பார், அது அவருடைய உரிமை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்ட பிறகுதான் தாளைக் கிழிக்க வேண்டும். தாள் கிழியாமல் இருந்தால் மாத்திரை போகவில்லை என்று அர்த்தம். முதல் வாரம், "என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தறீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அந்த அட்டையெல்லாம் நீ தூக்கிப் போட்டுட்டியா?" என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்கிறார். தேதி கடந்ததைத்தான் போட்டேன் என்கிறேன். இரண்டு மாதத்தில் 190 என்பது 138-க்கு வந்திருக்கிறது. மறதி குறைந்ததா என்றால், போனது திரும்பி வருமா என்று தெரியாது, இதற்கு மேல் போகாமல் பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். உறை ஊத்தியாச்சா என்று இன்னும் மூன்று தடவை கேட்கிறார். இப்போது நான் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், "நீங்களே ஊத்துங்க அத்தை" என்று கையில் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்கு ஒரு தடவையோடு நிற்கிறது.

பெண் ஊருக்குக் கிளம்புகிற அன்று, பிரஷர் பார்க்கிற கருவியைப் பாட்டி கையிலிருந்து கழற்றி, "அம்மா, நீயும் கையை நீட்டு" என்றாள். "எனக்கென்னடி, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். 152 காட்டியது. ஐந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தாள், 150. என் மாமியார் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வருகிற திங்கட்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறது. துணைக்கு அவரும் வருகிறாராம்.