காலண்டருக்கு ஆகாய மார்க்கம்!

சிவகாசிப் பட்டாசு விமானத்தில் போகுமா? லேசில் போகாது. பெரும்பாலான வாணங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே கூடாது. சரக்கு விமானத்தில் ஏற்றவும் ஏகப்பட்ட நிபந்தனைகள். ஆகவே பட்டாசும் தீப்பெட்டியும் கப்பலையே நம்பியிருக்கின்றன.

ஆனால் சிவகாசியில் மூன்றாவது தொழில் ஒன்று உண்டு. அதுதான் அச்சுத் தொழில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! அச்சகங்கள் பெருகின. இந்த அச்சுச் சரக்கு தாராளமாகப் பறக்கலாம்.

அதிலும் காலண்டர் இருக்கிறதே, அது அவசரக்காரச் சரக்கு. ஆடிப் பதினெட்டன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் வெளியாகும். பிறகு ஆர்டர் குவியும். நாள் இருந்தால் கப்பல் போதும். கடைசி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஆர்டர் வந்தால் விமானம்தான். ஜனவரி பிறந்த பிறகு போய்ச் சேரும் காலண்டரைப் பழைய பேப்பர் கடைக்குத்தான் போடவேண்டும்!

கட்டுக் காகிதம் போயிற்று

முன்பெல்லாம் சுங்க இலாகாவில் கட்டுக் கட்டாகக் காகிதம் நீட்ட வேண்டும். இப்போது "ஐஸ்கேட்" என்னும் இணையதளத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்யலாம். தஸ்தாவேஜுகளையும் அதிலேயே ஏற்றலாம். எந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது என்பதைக்கூடக் கம்ப்யூட்டரே பொறுக்கிக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். யாரும் மறுக்க முடியாது.

எண் பிசகினால்?

இங்கேதான் சங்கடம். காலண்டருக்குச் சுங்க எண் 4910. பட்டாசுக்கு 3604. தீப்பெட்டிக்கு 3605. எண்ணைத் தவறாகத் தட்டினால் சரக்கு நிற்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி வரிப் பணம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஏற்றுமதிக்காகக் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும். அதற்குத் தனி மனு வேண்டாம். ஷிப்பிங் பில்லே மனு. ஆனால் அதில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும், வரிக் கணக்கில் காட்டிய எண்ணும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஒரு கோடு, ஒரு புள்ளி மாறினாலும் பணம் நின்றுவிடும்! சரக்கு சிங்கப்பூர்ச் சுவரில் தொங்கிக் கொண்டிருக்கும்; பணம் மட்டும் வராது.

பெரிய கம்பெனிக்கு ஆள் இருக்கிறது, சமாளிக்கும். கடனுக்குக் காகிதம் வாங்கிய சிறு அச்சகம் என்ன செய்யும்? தீபாவளி போனஸ் அந்தப் பணத்தில்தானே இருக்கிறது!

2022 டிசம்பரில் தபால் மூலம் ஏற்றுமதி செய்யவும் இணைய வழி வந்தது. சிறு பார்சல்காரருக்கு அருமையான வசதி. அதன் பெயர் "டாக் கர் நிர்யாத் கேந்திரா". விருதுநகர்க்காரர் இந்தப் பெயருக்குப் பொருள் தெரிந்துகொள்ளவே இன்னொருவரைத் தேடவேண்டும்!

இணையம் வந்தால் இடையில் ஆள் வேண்டாம் என்றார்கள். ஆள் போகவில்லை. படிவம் ஆங்கிலத்தில், பிழைச் செய்தி வெறும் குறியீட்டில். அதைப் படித்துச் சொல்ல ஒரு ஏஜெண்ட்; அவருக்குக் கூலி.

சர்க்கார் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. எந்த இன்வாய்ஸில் எந்த எழுத்து ஒத்துவரவில்லை என்று ஏற்றுமதியாளரின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு வரி அனுப்பட்டும். சிவகாசியிலேயே, அதைத் திருத்தும் அதிகாரத்தோடு, ஓர் அதிகாரியை உட்கார வைக்கட்டும். ஆண்டு முழுவதும்கூட வேண்டாம். ஆடி முதல் மார்கழி வரை இருந்தால் போதும்.