மணி அடிக்காத கந்தோர்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது நம் மூத்தோர் வாக்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்நாளிற் குடியேறிய நம்மவருட் பலர் அரசாங்கக் கந்தோர்களை நம்பி வந்தவர்களே. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அந்நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்தது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மென்பொருள் நிறுவனங்களை நாடுகின்றனர். கலியாணப் பேச்சிலே ‘பிள்ளைக்கு ஐ.டி.யில் வேலை’ என்றதும் இரு வீட்டார் முகமும் மலர்கிறது. ஆனால் அவ்வேலையைப் பற்றிப் பிள்ளை என்ன எண்ணுகிறது என்று கேட்பார் அரியர். சம்பளத் தொகையைக் கேட்டதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

அவர்கள் விரும்புவன பல உள. மேலதிகாரியைச் ‘சேர்’ என்று விளித்துக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பெயர் சொல்லியே அழைக்கலாம். எவ்வூரார், எம்மொழியார் என்ற வினாவைக் காட்டிலும், எழுதிய செய்நிரல் பிழையின்றி ஓடுகிறதா என்ற வினாவே அங்கு முதன்மை பெறுகிறது. பருத்தித்துறைப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே மேசையிலிருந்து ஒரே பிழையைத் தேடுகின்றனர். தம் தொழிலையிட்டுப் பெருமை கொள்ளவும் அவர்களுக்குக் காரணமுண்டு. 1996இல் இங்கு தோன்றிய மில்லேனியம் ஐ.டி. நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச் சந்தை விலைக்கு வாங்கியது. நம் நாட்டில் எழுதப்பட்ட மென்பொருளின் மேல் அச்சந்தையின் கொடுக்கல் வாங்கல்கள் நடைபெறலாயின. இது சிறிய சாதனையன்று.

அவர்கள் வெறுப்பதோ பெரும்பாலும் ஒன்றே: முடிவில்லாத நாள். நியூயோர்க்கில் காலை 9 மணியாகும்போது கொழும்பில் மாலை 6.30, குளிர்காலமாயின் 7.30. நமது நாள் முடியும் வேளையிலே அங்குள்ள வாடிக்கையாளரின் நாள் தொடங்குகிறது. காலையில் வேலையிலமர்ந்தவர் இரவிலும் எழ முடிவதில்லை. 2020இல் கொள்ளைநோய் வந்தபோது கந்தோர் வீட்டுக்குள் புகுந்தது. சில வீடுகளை விட்டு அது இன்னும் வெளியேறவில்லை. அடுக்குமாடி வீட்டின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஆங்கிலத்திற் பேச்சு நடக்கிறது. வெளியே சோறு ஆறுகிறது. கதவைத் தட்டத் தாயார் தயங்குகிறார். 2022இன் பொருளாதார நெருக்கடியிலே பலர் கடல் கடந்தபோது, போனவர் சுமையும் இருந்தவர் தோளில் ஏறியது.

வெள்ளவத்தைக்குத் தொழிலாளர் குறை புதிதன்று. அங்கிருந்த நூற்பு நெசவாலையிலே 1933இல் நடைபெற்ற வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. அவர்கள் போராடியது கூலிக்காக. இன்றைய இளைஞருக்குக் கூலி குறைவன்று. ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு வேலை முடிந்ததை அறிவிக்க ஒரு சங்கு ஊதிற்று. இவர்களுக்கு ஊதுவார் இல்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், கிழமைக்கு 45 மணி நேரமும் என வேலைக்கு எல்லை வகுத்துள்ளது. ஆயினும் நிறைவேற்றுத் தரப் பதவிகளுக்கு அதன் விதிகளில் விலக்குண்டு. ஆகவே பதவியின் பெயர் உயர, மேலதிக நேரத்துக்கான உரிமை மறைகிறது. கௌரவம் என்று கொடுக்கப்படுவது சில வேளைகளில் இலவச உழைப்புக்கு இடும் மாலையாகிவிடுகிறது.

அமெரிக்காவிலே சூரியனை நமக்காக முன்னதாக உதிக்கச் சொல்ல இயலாது. அந்நாட்டு வேலையாற் கிடைக்கும் அந்நியச் செலாவணி நமக்கு வேண்டற்பாலதே. ஆனால் இரவிலே பேசியவருக்கு மறுநாட் காலையை விட்டுக்கொடுக்கலாம். எவ்விரவு யாருடைய முறை என்பதை ஒரு கிழமைக்கு முன்னரே அறிவிக்கலாம். ஆண்டு மதிப்பீட்டின்போது, எவர் விளக்கு நெடுநேரம் எரிந்தது என்பதை விடுத்து, எவர் வேலை செவ்வனே முடிந்தது என்பதைப் பார்க்கலாம். இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை, மனமே வேண்டும். பதவிப் பெயரைக் காட்டி நேரத்தைப் பறிக்கும் வழியை அடைப்பது அரசாங்கத்தின் கடமை.

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலே, 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. இளைஞர் படிப்பதில்லை என்று அங்கும் இங்கும் நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். குறை கூறுமுன் அவர்களுக்கு மாலைப் பொழுது என ஒன்று உண்டா என்று கேட்பது முறை. பெற்றோரும் இனி, ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதோடு நில்லாது, ‘எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரலாம்?’ என்றும் கேட்பாராக.