எங்க ஊருக்கு அலை எவ்வளவு உயரம் வரும்? சுனாமி கணிப்பில் தானாக ‘ஜூம்’ ஆகும் சாஃப்ட்வேர்

2025 ஜூலை கடைசியில் ரஷ்யாவின் கம்சட்கா கடலோரத்தில் 8.8 அளவில் நிலநடுக்கம். ஜப்பான், ஹவாய், கலிபோர்னியா என பசிபிக்கைச் சுற்றி சுனாமி எச்சரிக்கை பறந்தது. ஆனால் கரையில் இருப்பவரின் கேள்வி ஒன்றுதான்: ‘எங்க ஊருக்கு எவ்வளவு உயரம் வரும்?’

இதற்குக் கணினியில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்குப் போடுவார்கள். தெரு, பள்ளிக்கூடம் வரை தெரிய வேண்டுமென்றால் 10 மீட்டர் கட்டம் தேவை. பசிபிக் முழுக்க அப்படிப் பிரித்தால் சுமார் 1.6 லட்சம் கோடி கட்டங்கள்! அதோடு, கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 4 மடங்காகும்; நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும் என்பதால் மொத்த வேலை 8 மடங்கு.

1984இல் மார்ஷா பெர்கர், ஜோசப் ஓலிகர் இருவரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அலை இருக்கும் இடத்தில் மட்டும் கட்டத்தைச் சின்னதாக்கு. அலை நகர்ந்ததும் பழையபடி பெரிதாக்கு. போன்ல மேப்பை ஜூம் பண்ற மாதிரிதான், ஆனால் விரல் வைக்காமலே. ‘அடாப்டிவ் மெஷ் ரிஃபைன்மென்ட்’ என்பது இதன் பெயர்.

இந்த முறையில் ஓடும் ‘ஜியோக்ளா’ யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சாஃப்ட்வேர். இதை உருவாக்கிய ராண்டால் லெவெக், டேவிட் ஜார்ஜ் இருவரும் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தவற்றில் 2004 இந்தியப் பெருங்கடல் சுனாமியும் உண்டு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்றொரு தாழ்வான கடலோர ஊர். பக்கத்துக் கடலடியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் மேட்டுக்கு ஓட நேரம் இருக்காது. அங்குள்ள ஓகோஸ்டா பள்ளியில் அலை எவ்வளவு உயரம் வரும் என்று ஜியோக்ளாவில் கணக்கிட்டார்கள். அதையும் பார்த்துத்தான் சுமார் 1,000 பேர் ஏறி நிற்கக்கூடிய மொட்டைமாடியுடன் கட்டடம் எழுந்தது. 2016இல் திறந்தார்கள்.

ஆனால் எல்லாமே ‘தானாக’ நடப்பதில்லை. நடுக்கடலில் அலையைத் துரத்துவது சாஃப்ட்வேர். எந்த ஊருக்கு 10 மீட்டர் கட்டம் என்று முடிவு செய்வது மனிதர்கள். அந்த ஊரின் தரை உயரமும் கரையோரக் கடலின் ஆழமும் துல்லியமாக அளந்திருக்க வேண்டும். அது இல்லாமல் கட்டத்தைச் சின்னதாக்கி என்ன பயன்? யாரும் அளக்காத, யாரும் பெயர் கொடுக்காத மீனவக் குப்பம் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் போய்விடும். ஒரு கட்டத்துக்கு ஒரே தரை உயரம்தான். கடற்கரை, பள்ளி, பின்னால் இருக்கும் மேடு மூன்றும் அங்கே ஒரே எண்.