இன்னொரு லென்ஸ் வாங்குமுன் ஒரு நிமிடம்

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, பையன் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிக் கொடுத்துட்டானுங்க. கூட ஒரு பெரிய லென்ஸ் எடுத்துப் போடலாம்னு பாக்கறேன். முந்நூறு எடுக்கலாமுங்களா?"

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பென்ஷன் வயதில் கேமரா தூக்கியவர்களில் பாதிப்பேர் இதே தப்பைத்தான் செய்கிறோம். நானும் செய்தேன்.

கேமராவோடு வரும் 18–55 லென்ஸ் போதவில்லை என்று தோன்றிய முதல் மாதமே, 300 மி.மீ. வரை இழுக்கும் மலிவான ஜூம் ஒன்றை வாங்கினேன். காரணம், நஞ்சராயன் குளம். தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நம் ஊருக்கு இப்படி ஒரு பெருமை இருக்கும்போது கூழைக்கடாவை நாமும் ஒரு படம் எடுக்க வேண்டாமா?

எடுத்தேன். எல்லாம் ஆட்டம். அந்த லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் கிடையாது. நம் தொடக்கநிலை கேமராக்களில் சென்சார் சின்னது, கேனானில் 1.6 மடங்கு, நிக்கானில் 1.5 மடங்கு. அதனால் 300 என்பது 450, 480 போல வேலை செய்யும். கையில் பிடித்து எடுக்க ஷட்டர் 1/500 நொடியாவது வேண்டும். விடிகாலை வெளிச்சத்துக்கு அது எங்கே கிடைக்கும்? அறுபத்தைந்து வயசுக் கை வேறு.

அதுகூடப் போகட்டும். அந்தப் பொங்கலுக்குப் பெரியக்கா வீட்டுக்கு வந்திருந்தார். சாயங்காலம், திண்ணையில், ஒற்றை ட்யூப்லைட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். 18–55-ஐ மாட்டி இருபது படம் எடுத்தேன். அந்த லென்ஸை முழுக்க இழுத்தால் துவாரம் f/5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/10-க்கு இறங்கிவிட்டது. அத்தனையிலும் முகம் கலங்கல்.

ஆடி மாதம் அக்கா போய்விட்டார். சட்டம் போட்டு மாட்ட என் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம்.

அதற்குப் பிறகுதான் 50 மி.மீ. f/1.8 லென்ஸ் வாங்கினேன். ஜூம் இல்லை, கைக்கு அடக்கம், அப்போது புதிதாகவே சுமார் 10,000 ரூபாய்தான். f/5.6-ஐவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அன்று 1/10-ல் கலங்கிய படம் இதில் 1/100-ல் தெளிவாக விழுந்திருக்கும்.

பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் காலம் தள்ளியவன் நான். பாடி சைஸ் பனியனுக்கு ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு டயா. 85-க்கு ஓட்டும் மெஷினில் 100-க்குத் துணி எடுக்க முடியாது. ஆர்டரைப் பார்த்துத்தான் மெஷின் ஓட்டுவோம். லென்ஸுக்கு மட்டும் ஏன் தலைகீழாகப் போகிறோம்?

உங்கள் ஆர்டர் என்ன என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. இதுவரை எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தால், ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.-யில் எடுத்தது என்ற விவரம் உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் 18-லேயே நிற்கிறதா? அகல லென்ஸ் யோசியுங்கள். வெளியில் எடுத்தும் 55-லேயே முட்டிக்கொண்டு நிற்கிறதா? 55–250 போல, ஸ்டெபிலைசர் உள்ளதாக எடுங்கள். வீட்டுக்குள் எடுத்தது எல்லாம் கலங்கலா? 50 வாங்குங்கள்.

பொருத்தமும் பாருங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். நம் வயதுக் கண்ணுக்கு அது ஆகாது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இளையவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. தாராளமாக வாங்கலாம். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: நிட்டிங் ஷெட் பக்கம் நின்று லென்ஸைக் கழற்றாதீர்கள். பறக்கிற பஞ்சு சென்சாரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நண்பர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப குளத்துக்கு?" என்றார்.

"பறவைங்க அடுத்த மார்கழிக்கும் வருமுங்க தம்பி. வீட்ல அம்மாவுக்கு எண்பத்தி நாலு ஆச்சுன்னு சொன்னீங்களே. மொதல்ல அம்பது வாங்குங்க."