கொரில்லாவைக் காண 1,500 டாலர்: அண்டை வீட்டாருக்கு எவ்வளவு?

காற்பந்து ரசிகர்களுக்கு ‘விசிட் ருவாண்டா’ என்ற வாசகம் நன்கு பழக்கமானது. 2018ஆம் ஆண்டு முதல் அர்செனல் ஆட்டக்காரர்களின் சட்டைக் கையில் அது இடம்பெற்று வந்தது. எதைப் பார்க்க இந்தச் சிறிய ஆப்பிரிக்க நாடு உலகையே அழைக்கிறது என்று தேடியபோதுதான் மலைக் கொரில்லாக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் மலைக்காடுகளில் மட்டுமே இவை வாழ்கின்றன. 1980களின் தொடக்கத்தில் விருங்கா எரிமலைப் பகுதியில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. இன்றோ, மூன்று நாடுகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. 2018ல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், ‘மிக அருகிவிட்ட இனம்’ என்ற நிலையிலிருந்து ‘அருகிவரும் இனம்’ என்ற நிலைக்கு இவற்றை மாற்றியது. அழிவை நோக்கிச் சென்ற ஒரு விலங்கினம் மீண்டு வருவது அபூர்வம்.

இந்த மீட்சிக்குச் சுற்றுலாவும் ஒரு காரணம். ருவாண்டாவின் எரிமலைத் தேசியப் பூங்காவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே, அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். நம்முடைய சளி, காய்ச்சல்கூட அவற்றுக்கு எமனாகலாம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. 2017ல் அனுமதிச் சீட்டின் விலை 750 அமெரிக்க டாலரிலிருந்து 1,500 டாலராக உயர்ந்தது. அதாவது, ஒரு குழுவிலிருந்து ஒரு மணி நேரத்தில் 12,000 டாலர். குறைவான கூட்டம், அதிக வருமானம் என்ற இந்தக் கணக்கில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூங்காக் காவலர்களின் சம்பளத்துக்கும் கால்நடை மருத்துவர்களின் பணிக்கும் பணம் வேண்டுமே!

ஆனால், பூங்காவுக்கு வெளியே வாழ்பவர்களையும் பார்க்க வேண்டும். அந்தப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரில் கால்பங்குக்கும் குறைவு. அதன் எல்லை வரை உருளைக்கிழங்குத் தோட்டங்கள். காட்டெருமைகள் வயலுக்குள் புகாமல் இருக்கக் கற்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் 5 விழுக்காடாக இருந்த உள்ளூர் மக்களின் பங்கு, 2017ல் 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்தப் பணத்தில் பள்ளிகள், சுகாதார நிலையங்கள், குடிநீர் வசதிகள் வந்துள்ளன. இது பாராட்டத்தக்கது. எனினும், பள்ளிக்கூடம் ஊருக்குப் பொது. மிதிபட்ட பயிர் ஒரு குடும்பத்தின் இழப்பு. சேதத்துக்கு இழப்பீடு வழங்கும் நிதி இருந்தாலும், அது காலத்தோடு கைக்கு வந்தால்தான் அந்தக் குடும்பம் அடுத்த விதைப்பைச் செய்ய முடியும்.

நிலப் பிரச்சினை இன்னும் சிக்கலானது. ருவாண்டாவில் ஒரு சதுர கிலோமீட்டரில் சராசரியாக 500க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். கொரில்லாக்கள் பெருகப் பெருக அவற்றுக்கு இடம் போதவில்லை என்பதால், பூங்காவை விரிவாக்கும் திட்டம் நடந்து வருகிறது. அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர வேண்டும். அவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டித் தரப்படுகின்றன. ஆனால், வீட்டுக்கு மாற்று வீடு கொடுப்பதுபோல் வளமான எரிமலை மண்ணுக்கு மாற்று கொடுப்பது எளிதல்ல. அண்டை நாடான உகாண்டாவில் 1991ல் புவிண்டி தேசியப் பூங்கா உருவானபோது, அந்தக் காட்டையே நம்பி வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த வரலாறு மறக்கக் கூடியதல்ல.

இந்த அமைப்புக்குப் பெரும் சோதனையாக வந்தது 2020. கொவிட்-19 பரவலால் பூங்காக்கள் மூடப்பட்டன, சுற்றுப்பயணிகள் வரவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் புவிண்டியில் ‘ரஃபிக்கி’ என்ற புகழ்பெற்ற ஆண் கொரில்லா ஈட்டியால் கொல்லப்பட்டது. சிறு விலங்குகளை வேட்டையாடச் சென்றதாகவும் தற்காப்புக்காகவே தாக்கியதாகவும் சொன்ன ஒருவருக்கு 11 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சுற்றுலா நின்றதால்தான் அவர் காட்டுக்குள் சென்றார் என்று நாம் முடிவுகட்ட இயலாது. ஆயினும், சுமைதூக்குவோர், வழிகாட்டிகள், தங்குவிடுதிப் பணியாளர்கள் என ஒரு வட்டாரமே விமானத்தில் வருவோரை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த ஆண்டு காட்டியது.

ஆகவே, சீட்டின் விலையைவிட அதன் பங்கீடுதான் முக்கியம் என்பது என் கருத்து. வருமானம் பெருகும் ஆண்டுகளில் ஒரு பகுதியைச் சேமித்து, பயணிகள் வராத ஆண்டில் உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் நிதியாக வைக்கலாம். விரிவாக்கத் திட்டத்தில் நிலத்தை இழப்பவர்களுக்கு வீட்டோடு நிலையான வருமானமும் கிடைக்க வேண்டும்.

நம்மில் பலர் வேலைக்குச் சென்றதும் பயணம் செய்யக் காத்திருக்கிறோம். ‘பசுமைச் சுற்றுலா’ என்ற விளம்பரத்தைக் கண்டால் இரண்டு கேள்விகளையாவது கேட்போம். நான் கொடுக்கும் பணத்தில் அந்தக் காட்டின் அண்டை வீட்டாருக்கு எவ்வளவு போகிறது? நான் வராத ஆண்டில் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?